விதை கேட்காத சீக்ரெட்ஸ்

பைத்தான் நிரல்மொழியின் 3.6 பதிப்பில், யாரும் ஊகிக்க முடியாத எண்களும் எழுத்துகளும் தருவதற்காக வந்த சீக்ரெட்ஸ் மாட்யூலை நான் ரொம்ப நாள் சீண்டவே இல்லை, அதான் குலுக்கல் போல எண்கள் தரும் ரேண்டம் மாட்யூல் இருக்கிறதே என்ற நினைப்புதான். ஒருநாள் பாஸ்வேர்ட் ரீசெட் லிங்க்குக்கு டோக்கன், அதாவது ரகசிய எழுத்துத்தொடர், தயாரிக்கும் பழைய கோடைத் திறந்தால், ரேண்டமுக்கு விதையாக, அதாவது சீடாக, அந்த நொடியின் நேரத்தைக் கொடுத்திருக்கிறது. யார் எழுதியது என்று தேடினேன். நானேதான்.

ஒரே விதை போட்டால் ரேண்டம் ஒரே எண்களைத்தான் தரும்; ஒரு நாளைக்கு மொத்தமே 86,400 நொடிகள். அடுத்தவர் கணக்குக்கு ரீசெட் பட்டனை அழுத்துகிற ஆளுக்கு அந்த நொடி ஏறக்குறையத் தெரியும், முன்னும் பின்னும் பத்து இருபது விதைகளைப் போட்டுப் பார்த்தால் டோக்கன் அவர் கையில். விரை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்? டோக்கன் 40 எழுத்து நீளம் என்று நான் பெருமைப்பட்டதெல்லாம் வீண். 1995-இல் நெட்ஸ்கேப் உலாவி மாட்டிக்கொண்டதும் இப்படித்தான், நேரத்தையும் பிராசஸ் எண்களையும் விதையாகப் போட்டு.

விதையை ஒழுங்காகக் கொடுத்தாலும் இந்த வேலைக்கு ரேண்டம் ஆகாது. உள்ளே இருப்பது மெர்சென் ட்விஸ்டர் என்ற கணக்குமுறை; அது தரும் 32 பிட் எண்களில் அடுத்தடுத்து 624 கிடைத்துவிட்டால், இனி வரப்போவதை எல்லாம் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

சரி, சீக்ரெட்ஸுக்கு வருவோம். இதில் விதை போடும் வேலையே நம்மிடம் இல்லை, ஒவ்வொரு முறையும் ஆபரேட்டிங் சிஸ்டத்திடமே கேட்டு வாங்கித் தருகிறது. லினக்ஸில் இப்போதுதான் பூட் ஆன மெஷின் என்றால், சிஸ்டத்தின் மையமான கெர்னல் தன் விதையைச் சேர்த்து முடிக்கும்வரை காத்திருக்கும், அரைகுறையாக எதையும் நீட்டாது. டோக்கன்_யூஆர்எல்சேஃப் என்று கூப்பிட்டால் போதும்: 32 பைட், 43 எழுத்து, அப்படியே லிங்க்கில் ஒட்டலாம். என் கோடில் ஆறு வரி போய் ஒரு வரி ஆனது.

குறை இல்லாமல் இல்லை. ரேண்டமை விட மெதுவு, ஆனால் டோக்கனுக்கு அது தெரியவே தெரியாது. பட்டியலைக் கலைத்துப் போட நேரடி வழி இல்லை, அதற்குள் இருக்கும் சிஸ்டம்ரேண்டம் என்ற கிளாஸ் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். அப்புறம் அந்த சிஸ்டம்ரேண்டமில் சீட் என்று ஒரு மெத்தட் இருக்கிறது பாருங்கள், என்ன கொடுத்தாலும் சத்தமில்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டு ஒன்றுமே செய்யாது. டெஸ்டில் ஒரே எண் திரும்ப வரவில்லையே என்று அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஒரு எரராவது கொடுத்துத் தொலைத்திருக்கலாம்.