நியூட்டன்ஸ் கிரேடில் வாங்கலாமா?

ஐந்து எஃகு குண்டுகள் வரிசையாகத் தொங்கும் நியூட்டன்ஸ் கிரேடிலைப் பலர் மேசை அலங்காரமாகத்தான் வாங்குகிறார்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மோதலில் ஆற்றல் கைமாறுவதைக் காட்ட, சில நூறு ரூபாயில் இதைவிட நல்ல பொருள் கிடையாது. ஆனால் குண்டுகளைத் தாங்கும் சட்டம் கனமாக இருக்க வேண்டும். லேசான சட்டம் ஒவ்வொரு மோதலுக்கும் ஆடும், ஆற்றல் அந்த ஆட்டத்திலேயே போய்விடும். ஏற்கெனவே அப்படி ஒன்றை வாங்கியிருந்தால் அடிப்பலகையை இருபக்க டேப்பால் மேசையோடு ஒட்டிவிடுங்கள்.

பெட்டியைப் பிரித்ததும் மேலிருந்து பாருங்கள். குண்டுகள் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், பக்கவாட்டில் பார்த்தால் ஒரே உயரத்தில் தொங்க வேண்டும். ஒன்று அரை மில்லிமீட்டர் இறங்கியிருந்தாலும் மோதல் சாய்வாக விழும், நாலைந்து அடியிலேயே எல்லாக் குண்டும் கூட்டமாக ஆடத் தொடங்கிவிடும். விலை குறைந்தவற்றில் இதுதான் பெரிய குறை. நூலின் முடிச்சை நகர்த்திச் சரிசெய்ய முடிகிற மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள்.

இதை வாங்குவதே இரண்டு குண்டு சோதனைக்காகத்தான். இரண்டை 2 செ.மீ. தூக்கி விட்டால் மறுபக்கம் இரண்டுதான் கிளம்பும். ஒரே குண்டு இரட்டை வேகத்தில் போனால் என்ன என்று பிள்ளைகளைக் கேளுங்கள். உந்தக் கணக்கு (நிறையை வேகத்தால் பெருக்குவது) அதற்கு இடம் கொடுக்கும். ஆனால் வேகம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்காகும், அந்தக் குண்டு 8 செ.மீ. ஏற வேண்டும். இரண்டு குண்டு 2 செ.மீ. இறங்கியதில் கிடைப்பதோ அதற்குத் தேவையானதில் பாதி ஆற்றல்தான். ஸ்கேலை நிறுத்திவைத்து அளந்தபடி பேசினால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும்.

அடுத்து, மூன்றாவது, நான்காவது குண்டுகளுக்கு நடுவே பட்டாணி அளவு சப்பாத்தி மாவை ஒட்டிவிட்டு, முதல் குண்டை மட்டும் அதே 2 செ.மீ. உயரத்திலிருந்து விடுங்கள். மாவு இல்லாதபோது ஏறுவதைவிடக் கடைசிக் குண்டு நன்றாகக் குறைவாகவே ஏறும். அப்படிக் குறைந்துபோன ஆற்றலில் பெரும்பங்கு மாவை நசுக்கவும் சூடாக்கவும் செலவானது. முடிந்ததும் குண்டுகளை ஈரத்துணியால் துடைத்து உலர்த்திவிடுங்கள், இல்லையென்றால் துருப்பிடிக்கும்.

எடுத்துவைக்கும்போது ஐந்து குண்டையும் சேர்த்து டேப் சுற்றுங்கள். நூல் சிக்கினால் பிரிப்பது பெரும்பாடு. இழுக்காதீர்கள், சட்டத்திலிருந்து நூலைக் கழற்றிவிட்டுப் பிரியுங்கள்.

வாங்க வசதியில்லாத பள்ளிகளில் இரண்டு ஸ்கேலுக்கு இடையே கோலிக்குண்டுகளை வரிசையாக வைத்து, ஒன்றை உருட்டி மோதவிட்டும் காட்டலாம். மோதும் கோலி உருண்டு வருவதால் மோதிய பிறகும் சுழற்சி மிஞ்சியிருக்கும், எனவே அது முழுதாக நிற்காமல் சற்று முன்னால் நகரும். அதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.