சேலத்தில் அம்மாவின் முதுகைக் காட்டிய கதை

லண்டனில் இருந்து வருகிறவர்களுக்குச் சேலத்தில் எம்ஆர்ஐ எடுப்பது நம்ப முடியாத சுலபம். காலையில் போன் போட்டால் சாயங்காலம் வரச் சொல்கிறார்கள். ராத்திரிக்குள் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்து நிற்கிறது. லண்டனில் இடுப்பு வலி என்று போனால் முதலில் உடற்பயிற்சிச் சீட்டுதான் கையில் கொடுப்பார்கள். சாதாரண இடுப்பு வலிக்கு வழக்கமாக ஸ்கேன் எழுத வேண்டாம் என்று 2016-ல் வந்த இங்கிலாந்து மருத்துவ வழிகாட்டுதலே சொல்கிறது. எனக்கு இரண்டு ஊர் முறையிலும் குறை உண்டு. ஆனால் அம்மா விஷயத்தில் குழப்பம் தீர்ந்தது ஸ்கேனால் இல்லை, சில நூறு ரூபாய் எக்ஸ்ரேயால். டிஸ்க் பிதுக்கம் என்று நினைத்தது, முதுகெலும்பே முன்னால் நகரும் ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ் என்று தெரிந்தது. அதை எழுதத்தான் இந்தப் பதிவு.

அம்மா அம்மாபேட்டையில் இருக்கிறாள். வயது அறுபதுக்கு மேல், சர்க்கரையும் உண்டு. உட்கார்ந்தால் வலி இல்லை. நின்றால், நடந்தால் இடுப்பில் தொடங்கித் தொடை, கெண்டைக்கால் வரை இழுக்கும். மார்க்கெட் போகும் வழியில் ஏதாவது ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்து எழுந்தால்தான் அடுத்த தூரம். நான் வருவதற்கு முன்பே எம்ஆர்ஐ எடுத்திருந்தார்கள். இடுப்புப் பகுதி முதுகெலும்புகளில் நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே டிஸ்க் பிதுக்கம் என்று ரிப்போர்ட். “ஜவ்வு லேசா வெளிய வந்திருக்கு” என்று சொல்லி ஒரு டாக்டர் நரம்பு மாத்திரையும் பெல்ட்டும் எழுதிக் கொடுத்தார். அந்த வயதில் வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் பலருக்குப் பிதுக்கம் தெரியும் என்பது வேறு விஷயம். இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். நடக்க முடியாதவர்கள் வரும் அந்த ஸ்கேன் சென்டரின் வாசலில் உயரமான படிகள், சாய்தளம் கிடையாது.

நடுவில் ஏற்காடு போனோம். பெரியப்பா மகன் வீடு காப்பித் தோட்டத்துச் சரிவில் இருக்கிறது. ரோட்டில் காரை நிறுத்திவிட்டு இறங்கிப் போக வேண்டும், திரும்பும்போது ஏற வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிப் போய் இறங்கியதும் அம்மா படுத்துவிடுவாள் என்று நினைத்தேன். பார்த்தால், வீட்டுக்கு இறங்கும்போதுதான் மிளகுக்கொடி படர்ந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை நின்றாள். திரும்ப ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது, அவளுக்கு ஒன்றும் இல்லை. “ஏறையில ஒண்ணும் தெரியல கண்ணு, எறங்கையிலதான் காலு கனக்குது” என்றாள்.

சேலம் திரும்பியதும் வேறு ஒரு முதுகெலும்பு டாக்டரிடம் இதைச் சொன்னோம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடு ஏறும்போது உடம்பு தானாக முன்னால் குனிகிறது, நரம்பு போகும் குழாய் கொஞ்சம் அகலமாகிறது. இறங்கும்போது இடுப்பு பின்னால் வளைகிறது, குழாய் குறுகி நரம்பு நசுங்குகிறது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் இன்னும் தூரம் நடக்க முடிகிறதா என்றும் கேட்டார். ரத்தக்குழாய் அடைப்பாலும் நடந்தால் கால் வலிக்கும், சர்க்கரைக்காரர்களுக்கு அது சகஜம். ஆனால் அதில் பெரும்பாலும் நின்றாலே வலி அடங்கிவிடும், மேடு ஏறும்போதுதான் தொல்லை அதிகம். கணுக்காலில் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, “ரத்த ஓட்டம் நல்லாத்தான் இருக்கு. நிக்க வெச்சு ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க” என்றார்.

பக்கவாட்டில் நின்றபடி ஒன்று, முன்னால் குனிந்து ஒன்று, பின்னால் சாய்ந்து ஒன்று. “பின்னாடி சாயுங்கம்மா, பயப்படாதீங்க, கம்பியைப் புடிச்சுக்கோங்க” என்று எக்ஸ்ரே எடுத்த பெண் பொறுமையாகச் சொன்னார். டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, ஒவ்வொரு எலும்பின் பின்மூலையிலும் பென்சிலால் புள்ளி வைத்துக் கீழிருந்து மேலாகக் கோடு இழுத்தார். ஐந்தாவது எலும்பு வரை ஒழுங்காக வந்த கோடு நான்காவதில் முன்னால் தள்ளிப் போனது. குனிந்த படத்தில் இன்னும் கொஞ்சம். எம்ஆர்ஐயில் படுத்திருந்தபோது எலும்பு ஏறக்குறைய தன் இடத்துக்கே திரும்பியிருக்கிறது, அதனால் விலகல் கண்ணில் படவில்லை. ஆனால் அதே ஸ்கேனில் பின்பக்க மூட்டுகளில் நீர் கோத்திருந்ததை அவர் காட்டினார். அந்த இடம் ஆடுகிறது என்பதற்கு அது ஒரு குறி.

பெயர் ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ். டிஸ்க் பிதுக்கத்தில் எலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை வெளியே வருகிறது. இதில் எலும்பே முன்னால் நகர்கிறது. நகராமல் பிடித்து வைப்பது பின்பக்கத்து மூட்டுகள், கதவுக் கொக்கி மாதிரி. வயதாகி டிஸ்க்கும் இந்த மூட்டுகளும் தேய்ந்தால் பிடி தளர்கிறது. இந்த வகை பெரும்பாலும் ஐம்பது தாண்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, நான்காவது எலும்பில் வருகிறது. இன்னொரு வகை சிறு வயதிலேயே தொடங்கும். கொக்கியின் கழுத்தில் விரிசல் விழுந்து, ஐந்தாவது எலும்பு அதன் கீழே உள்ள திரிகம் என்ற முக்கோண எலும்பின் மேல் நகரும். எவ்வளவு நகர்ந்தது என்பதை அமெரிக்க மருத்துவர் மேயர்டிங் 1932-ல் வகுத்த முறையில் இன்றும் சொல்கிறார்கள். கீழே உள்ள எலும்பின் மேற்பரப்பை நான்காகப் பிரித்து, கால் பாகத்துக்குள் இருந்தால் முதல் கிரேடு, அரைக்குள் இரண்டு, இப்படியே நான்கு வரை. அம்மாவுக்கு முதல் கிரேடு. நகர்ந்த அளவும் வலியின் அளவும் ஒத்துப்போகும் என்றில்லை. முதல் கிரேடிலேயே நடக்க முடியாதவர்கள் உண்டு, இரண்டாம் கிரேடில் ஒன்றும் தெரியாமல் இருப்பவர்களும் உண்டு.

ஒரு திருப்திக்கு வேறொரு தனியார் ஆஸ்பத்திரியிலும் கேட்டோம். படத்தைப் பார்த்த ஐந்தாவது நிமிஷம் ஆபரேஷன் பேக்கேஜ் தாளை நீட்டினார்கள். ‘வெளிநாட்டிலேர்ந்து வந்திருக்கார்’ என்ற சொல் கவுண்டரிலேயே எப்படியோ காதுக்குப் போய்விடுகிறது. ஆபரேஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருந்து, பயிற்சி எதற்கும் அடங்காமல் நடக்கும் தூரம் சுருங்கிக்கொண்டே போகிறவர்களுக்கு அது நிஜமாகவே பலன் தருகிறது. ஆனால் அங்கேயும் ஒரு கேள்வி இருக்கிறது: நரம்புக்கு இடம் விட்டால் மட்டும் போதுமா, ஸ்க்ரூ போட்டு எலும்புகளைச் சேர்க்கவும் வேண்டுமா? நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் 2016-ல் இதைப் பற்றி இரண்டு ஆய்வுகள் வந்தன. ஸ்வீடன் ஆய்வில் ஸ்க்ரூ சேர்த்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை, அமெரிக்க ஆய்வில் ஓரளவு தெரிந்தது. நிபுணர்களுக்குள்ளேயே வழக்கு முடியாத விஷயத்தில் முன்பணம் கேட்டால் கொஞ்சம் யோசிக்கலாம்.

யோசிக்கக் கூடாத கட்டமும் உண்டு. சிறுநீர் வராமல் அடைப்பது, மலம் கட்டுப்படாமல் போவது, உட்காரும் இடத்தில் மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது. இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி, ராத்திரியானாலும் சரி.

அம்மாவுக்குப் பிசியோதெரபியே போதும் என்று முடிவானது. வீட்டுக்கு வந்த பிசியோ பெண் சின்னப் பெண்தான், ஆனால் நல்ல கண்டிப்பு. மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சுக்கு இழுப்பது, வயிற்றை இறுக்கி இடுப்பைத் தரையில் அழுத்துவது, அசையாத சைக்கிள் மிதிப்பது. அம்மா யூடியூப் பார்த்துத் தினமும் போட்டுக்கொண்டிருந்த புஜங்காசனத்தை முதல் நாளே நிறுத்தச் சொல்லிவிட்டார். டிஸ்க் வலிக்காரர்கள் சிலருக்கு அது இதமாக இருக்கும், எலும்பு நகர்ந்தவர்களுக்குப் பின்னால் வளைவது வலியைக் கூட்டலாம். பெல்ட்டைத் தூர எறியச் சொல்லவில்லை, பஸ்ஸிலோ காரிலோ போகும்போது மட்டும் போட்டால் போதும் என்றார். சித்தி ஒருத்தி, எலும்பைத் தட்டி உள்ளே தள்ளும் வைத்தியர் ஒருவரிடம் கூட்டிப்போவதாக நின்றாள். தேய்ந்து நகர்ந்த எலும்பை வெளியே இருந்து தட்டி உட்கார வைக்க முடியாது. உள்ளே நரம்பு இருக்கிறது, தட்டினால் வம்புதான்.

காசு கொடுத்துத்தான் எல்லாம் என்று நினைக்க வேண்டாம். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி செய்ய வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். 2021-ல் தொடங்கிய திட்டம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆபரேஷன் பேச்சு எடுக்கும் முன் அட்டை இருக்கிறதா, அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம், ஒரு நாளை ஒதுக்கிக்கொண்டு போக வேண்டும்.

இந்த அலைச்சலில் அக்கா மகனும் மாட்டினான். கிரிக்கெட் வீரர் நடராஜன் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டிக்காரர் என்பதால் இங்கே பாதிப் பையன்கள் வேகப்பந்து வீசுகிறார்கள். இவன் வலது கை வீச்சு. பந்து போட்ட மறுநாள் இடது இடுப்பில் வலி, பின்னால் வளைந்தால் சுருக். அது அந்தக் கொக்கிக் கழுத்து விரிசல் தொடங்கும் வழக்கமான விதம், வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில்தான் அதிகம் வரும். டாக்டர் பார்த்துவிட்டு, ஸ்கேன் முடிவு வரும் வரை பந்தைத் தொடக் கூடாது என்றார். பையன் என்னோடு பேசுவதில்லை.

வருகிறவர்களுக்கு ஒன்று. நம்மில் பலர் கல்யாணம், கோயில் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசி வாரத்தில்தான் டாக்டரைப் பார்க்கிறோம். இந்தப் பயிற்சிக்குப் பலன் தெரியவே சில வாரம் பிடிக்கும், நடுவில் ஒருமுறை மாற்றி அமைக்கவும் வேண்டும். இறங்கிய வாரத்திலேயே காட்டிவிடுங்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயம் மட்டும் வேண்டாம், பாதி கிளினிக்கில் ஆள் இருக்க மாட்டார்கள். ரிப்போர்ட் தாளோடு நிற்காமல், படங்களை சிடியாகவோ லிங்க்காகவோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சென்டரில் அவர்களாகத் தர மாட்டார்கள், கேட்டால் தருகிறார்கள்.