வீட்டிலேயே டயாலிசிஸ்: அந்த இரண்டு லிட்டர் பையைப் பற்றி

மலேசியாவில் நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ள பெரியவர்கள் 2011இல் 9.07 விழுக்காடு. 2018இல் அது 15.48 ஆகிவிட்டது. பெரும் காரணம் நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த இனிப்பு நீர், அதாவது நீரிழிவுதான். ஆனாலும் கோலாலம்பூரில் டயாலிசிஸ் என்றாலே வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் நாற்காலியில் படுப்பது என்றுதான் பல குடும்பங்கள் நினைக்கின்றன. வயிற்றுவழி டயாலிசிஸ், அதாவது சிஏபிடி, என்று டாக்டர் சொன்னதும் "வீட்டிலா? நம்மால ஆகாது" என்று எழுந்துவிடுகிறார்கள். அப்படி ஒதுக்கவேண்டிய பொருள் அல்ல இது. வேலைக்குப் போகிறவருக்கும், சென்டருக்கு அழைத்துப் போக ஆள் இல்லாத வீட்டுக்கும் நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான்.

பைக்குள் இருப்பது குளுக்கோஸ் கலந்த உப்புக் கரைசல். வயிற்றில் பொருத்திய மெல்லிய குழாய் வழியாக 2 லிட்டர் உள்ளே போகும், நான்கு முதல் ஆறு மணி நேரம் தங்கும். வயிற்றின் உள்சவ்வைக் கடந்து கழிவும் மிகுதி நீரும் அதில் இறங்கும். வடித்துவிட்டு அடுத்த பை. பொதுவாக ஒரு நாளைக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம். ஊசி இல்லை, மெஷின் இல்லை. புதுப் பை கொக்கியில் உயரே, வடியும் பை தரையில். மற்றதைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் சிறுநீர் போகிறவர்களுக்கு அந்த அளவு நாற்காலி டயாலிசிஸைவிட இதில் கூடுதல் காலம் நிற்கும்.

பரவலாகப் பழக்கத்தில் உள்ள வகைகள் இரண்டு. பேக்ஸ்டரின் இரட்டைப் பை ஒன்று (அந்தப் பிரிவு 2025 முதல் வேன்டிவ் என்ற தனி நிறுவனம்). ஃபிரெசீனியஸின் ஸ்டே சேஃப் மற்றொன்று. இரட்டைப் பையில் திருகி இணைத்து, கிளாம்ப் (குழாயை நெருக்கி மூடும் கவ்வி) மாற்றி, பையின் வாயில் உள்ள அடைப்புக் குச்சியை விரலால் ஒடிக்கவேண்டும். முழுதாக ஒடியாவிட்டால் பத்து நிமிடத்தில் ஏறவேண்டிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக அரை மணி நேரம் இழுக்கும். ஸ்டே சேஃப்பில் வட்டக் குமிழைத் திருப்பினால் போதும். எந்த நிலை என்பதைப் புள்ளிகள் காட்டும். மூட்டு வலியால் விரல் மடங்காதவர்களுக்கு இந்தக் குமிழ்தான் தோது. எது கிடைக்கும் என்பதை ஆஸ்பத்திரிதான் முடிவு செய்யும். கை நடுக்கம், பார்வைக் குறை இருந்தால் பயிற்சி தாதியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இந்த முறை பழுதாவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: பழைய மூடியைக் கழற்றிப் புதுக் குழாயை இணைக்கும் அந்த இரண்டு மூன்று விநாடி. ஃபேனை நிறுத்து, ஜன்னலைச் சாத்து, பூனையை வெளியே விடு, முகக்கவசம் போடு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி முழுதாக உலர்த்து. ஈரக் கை கழுவாத கைக்குச் சமம். முனை விரலிலோ சட்டையிலோ பட்டுவிட்டால் "பரவாயில்லை" என்று இணைக்காதீர்கள். கிளாம்பை மூடிவிட்டு ஆஸ்பத்திரியின் வயிற்றுவழி டயாலிசிஸ் பிரிவுக்கு (பிடி யூனிட்) ஃபோன் செய்யுங்கள். இணைத்தபின் புதுத் தண்ணீரை ஐந்து எண்ணும்வரை நேராக வடிபைக்குள் விட்டு, குழாயில் உள்ள காற்றையும் கிருமியையும் கழுவிய பிறகே வயிற்றுக்குள் விடவேண்டும். அவசரத்தில் பலர் தாண்டிப்போகும் படி இது.

வடிந்த பையை நாளிதழ் மேல் வையுங்கள். எழுத்து தெளிவாகப் படிக்க வந்தால் நல்லது. அரிசி கழுவிய தண்ணீர்போல் கலங்கியிருந்தால், வயிறு வலிக்காவிட்டாலும், பெரிட்டோனைட்டிஸ் (வயிற்று உள்சவ்வில் கிருமித் தொற்று) என்றே எடுத்துக்கொண்டு அந்தப் பையோடு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வெள்ளணு ஒரு மைக்ரோலிட்டரில் 100க்கு மேல், அதில் பாதிக்குமேல் நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணு) என்றால் மருந்தைப் பைக்குள்ளேயே கலந்து கொடுப்பார்கள். பையை வீட்டில் ஊற்றிவிட்டு வெறுங்கையோடு போகாதீர்கள்.

தண்ணீர் வடியவில்லையா? குழாய் அடைத்தது என்று பயப்படுமுன் மலச்சிக்கலைப் பாருங்கள். நிரம்பிய குடல் குழாயை நகர்த்திவிடும். மலம் இளகினால் பலருக்கு வடிகால் தானே சரியாகும்.

சர்க்கரை விஷயம் நீளமானது. பை 1.5, 2.5, 4.25 விழுக்காடு என்று மூன்று சர்க்கரை அடர்த்தியில் வரும். 4.25 அடர்த்தியில் 2 லிட்டர் என்றால் 85 கிராம் டெக்ஸ்ட்ரோஸ். அதில் பெரும்பங்கு உடம்பில் ஏறும். எடை கூடும், இன்சுலின் அளவை மாற்றவேண்டி வரும். கருவாடு, அப்பளம், ஊறுகாய், நெத்திலிச் சம்பல் என்று உப்பை விடாதவருக்குக் கால் வீங்கும். வீக்கம் இறங்க அடர்த்தி கூடிய பை, அதனால் இன்னும் சர்க்கரை, வருடங்கள் போகப்போகச் சவ்வும் கெடும். உப்பைக் குறைத்தால் பையும் இலேசாகும். இதில் புரதம் வெளியேறுவதால் முட்டை வெள்ளைக்கரு, மீன், கோழி தேவை. இரவுக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் (குளுக்கோஸுக்குப் பதிலாக வேறொரு மாவுச்சத்து கலந்தது) பை தந்தால் ஒன்று கேளுங்கள்: வீட்டில் உள்ள குளுக்கோமீட்டர் அதற்கு ஒத்துவருமா? சில மீட்டர்கள் அதன் மால்டோஸையும் குளுக்கோஸாக எண்ணி, சர்க்கரை கூடியதுபோல் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும்.

இட நெருக்கடியும் உண்மையான குறை. மாதம் ஏறக்குறைய 120 பை, 240 கிலோவுக்கு மேல். சிறிய பிளாட்டில் ஒரு சுவரே பெட்டியாகிவிடும். ஓதம் ஏறும் தரையில் வைக்காமல் பலகைமேல், வெயில் படாமல், காலாவதி முந்தியது முன்னால் வரும்படி அடுக்குங்கள். லிப்ட் பழுதாகும் பிளாக் என்றால் சப்ளையரிடம் முன்பே பேசிவையுங்கள். பையைச் சூடாக்க வெந்நீர், மைக்ரோவேவ் இரண்டும் கூடாது.

அறுவைக்கு முன் குழாய் வெளிவரும் இடத்தைக் குறிக்கும்போது, எப்போதும் கட்டுவதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தும் நின்றும் காட்டுங்கள். புடவைக் கொசுவமோ வேட்டி முடிச்சோ பெல்ட்டோ அதன்மேல் அழுத்தினால் புண் ஆறவே ஆறாது. தைப்பூசத்தன்று பத்துமலையில் ஆற்றுக் குளியல் வேண்டாம்; குழாய்த் துளை தேங்கிய நீரிலும் ஆற்று நீரிலும் மூழ்கக் கூடாது.

வயிற்றில் பல அறுவை நடந்தவர், சரிசெய்யாத குடலிறக்கம் உள்ளவர், தனியாக இருந்து கண்ணும் மங்கியவர் ஆகியோருக்கு நாற்காலியே மேல். எந்த முறையானாலும், கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) இஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் அளவு, 30க்குக் கீழே இறங்கியதும் நெஃப்ரோலஜிக்கு (சிறுநீரகப் பிரிவு) கடிதம் கேட்டு வாங்குங்கள். ஹாஸ்பிட்டல் கோலாலம்பூர், ஹாஸ்பிட்டல் செலாயாங், பிபியூஎம் (மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை) மூன்றிலும் சிறுநீரக நிபுணர்கள் உண்டு. முந்தைய இரத்த, சிறுநீர் முடிவுகளை ஒரே ஃபைலில் கொண்டுபோங்கள். பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், சொக்சோ) சந்தா கட்டியவர்கள் 60 வயதுக்குமுன் பென்சன் ஈலாட் (உழைக்க இயலாதவர்களுக்கான ஓய்வூதியம்) விண்ணப்பத்தோடு டயாலிசிஸ் உதவியையும் கேட்கவேண்டும். குழாய் வைத்தபின் புண் ஆற இரண்டு வாரம் விடுவார்கள், பயிற்சிக்குச் சுமார் ஒரு வாரம். தள்ளிப்போட்டு, மூச்சிரைப்பு வந்த இரவில் அவசரப் பிரிவுக்குப் போனால், பெரும்பாலும் கழுத்தில் குழாய் போட்டு இரத்த டயாலிசிஸ்தான் முதலில் தொடங்குவார்கள்.