மார்ட்டா ஃபாக்டரியா? அயர்லாந்து மாட்டுக்காரங்களோட தீராத வழக்கு

அயர்லாந்துல மாடு வளர்க்குற ரெண்டு பேர் கேட்டுல கையை ஊனிக்கிட்டு நின்னு பேச ஆரம்பிச்சா முதல்ல மழை, அப்புறம் தரை எப்படி இருக்கு, அதாவது மாட்டை வெளிய விட்டா குளம்பு உள்ள இறங்குதா இல்லையா, அப்புறம் யார் செத்தாங்க, இதெல்லாம் ஓஞ்சதுக்கு அப்புறம்தான் மெதுவா விஷயம் வரும். கொழுத்து ரெடியா நிக்குற மாட்டை எங்க விடப்போற, மார்ட்டுக்கா ஃபாக்டரிக்கா?

தெரியாதவங்களுக்கு: மார்ட்னா ஏலச்சந்தை. கூரை போட்ட கொட்டகை, நடுவுல வட்டமா ஒரு ரிங், சுத்தி படிக்கட்டு, மேல கூண்டுல ஏலக்காரர். பல்லா, எல்ஃபின், டௌரா, என்னிஸ், கில்கென்னி, பாண்டன், கார்ன்யூன்னு மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கு. ஃபாக்டரின்னா மாட்டை அறுத்து கறியா ஏத்துமதி பண்ற ஆலை. ஏபிபி, டான் மீட்ஸ், கெபாக் மூணும் இதுல பெரிய கைங்க. அந்த நாட்டு மாட்டுக்கறியில கிட்டத்தட்ட 90 சதவீதம் வெளிநாட்டுக்குத்தான் போகுது, அதுலயும் பிரிட்டன்தான் பெரிய வாடிக்கை, அதனால விலை உண்மையில எங்கயோ தீர்மானம் ஆகுது, நம்ம மாட்டுக்காரரு அதோட வாலைப் புடிச்சிக்கிட்டுதான் பேசறாரு.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், பால் மறந்த கன்னு, இன்னும் ஒரு வருஷம் மேய வேண்டிய இளம் மாடு இதுக்கெல்லாம் இந்த வழக்கே கிடையாது, ஃபாக்டரி அதை வாங்காது, மார்ட்தான், இல்லன்னா வீட்டுக்கே வந்து பேசற வியாபாரி. மேற்குல இருக்குற சின்ன விவசாயிங்க நிறைய பேர் இப்படி இளசாவே வித்துடறவங்கதான். சண்டை எல்லாம் கொழுத்த மாடு, வயசான பசு, இந்த ரெண்டுலதான்.

மார்ட்டுல என்ன நடக்கும்னா காலைல ட்ரெய்லர்ல ஏத்திக்கிட்டு போவீங்க, நம்பர் ஒட்டுவாங்க, உங்க முறை வந்ததும் மாடு ரிங்குக்குள்ள வரும், மேல போர்டுல அதோட எடை, இனம், பொறந்த தேதி, கடைசியா டிபி, அதாவது மாட்டுக் காசநோய், டெஸ்ட் எடுத்த தேதி, இதுவரை எத்தனை கை மாறியிருக்குன்னு எல்லாம் ஓடும். நீங்க ஏலக்காரர் பக்கத்துல கூண்டுல நிக்கணும். கேக்குறவங்க யாரும் கையைத் தூக்க மாட்டாங்க, ஒருத்தர் கண்ணை லேசா அசைப்பாரு, ஒருத்தர் கம்பி மேல இருக்குற விரலை மட்டும் தூக்குவாரு, புதுசா போறவங்களுக்கு யார் கேக்குறாங்கன்னே புரியாது. விலை ஏறி நிக்குற இடத்துல ஏலக்காரர் உங்க பக்கம் குனிஞ்சு விடலாமான்னு கேப்பாரு. தலையாட்டினா போச்சு. பிடிக்கலைன்னா மாட்டைத் திரும்ப ஏத்திக்கிட்டு வீட்டுக்கு வந்துடலாம். இந்த "வீட்டுக்கு வந்துடலாம்" தான் மார்ட்டோட மொத்த பலமே, ஏன்னா ஃபாக்டரிக்குள்ள போன மாடு திரும்பி வராது.

ஃபாக்டரி கதை வேற மாதிரி. வாரத் தொடக்கத்துல ஏஜென்ட்டுக்கு போன் போடணும். இந்த வாரம் அடிப்படை விலை எவ்வளவு? அவரு உடனே சொல்ல மாட்டாரு. மாடு நிறைய வருதுப்பா, வியாழன் வரைக்கும் இடமில்ல, அடுத்த வாரம் குறையும்னு பேசிக்கிறாங்கன்னு ஒரு பாட்டம் புலம்புவாரு, மாட்டுக்காரரு பதிலுக்கு அந்தப் பக்கத்து ஆலைக்காரன் அஞ்சு சென்ட் கூட தரேன்னான்னு சொல்லுவாரு (சொல்லியிருக்க மாட்டான்), கடைசியில ஒரு விலை பேசி முடிவாகும், கூடவே "இதை வெளிய சொல்லிடாத" அப்படிங்குற ஒரு வரியும் வரும். அதே வரியை அன்னிக்கு எத்தனை பேர்கிட்ட சொன்னாருன்னு அவருக்குத்தான் வெளிச்சம்.

அப்படிப் பேசின விலையும் முழு விலை இல்ல. அறுத்து தோலு, தலை, குடல் எல்லாம் போனதுக்கு அப்புறம் நிக்குற உடலோட எடைக்குத்தான் காசு, அதுலயும் சூடா இருக்கும்போது எடை போட்டு ஆறினதுக்குன்னு 2 சதவீதம் கழிப்பாங்க. அதுக்கு மேல கிரேடு. சதை அமைப்புக்கு ஈ, யூ, ஆர், ஓ, பி-ன்னு உசத்தியில இருந்து மட்டம் வரைக்கும் அஞ்சு எழுத்து, கொழுப்புக்கு 1ல இருந்து 5 வரைக்கும், ஒவ்வொண்ணுக்கும் உள்ள ப்ளஸ், சமம், மைனஸ். பெரிய ஆலைங்கள்ல இதை கேமரா வச்ச மெஷின் போடும். 2009 கடைசியில வந்த விலைப்பட்டியல்ல ஆர் கிரேடுதான் அடிப்படை, அதுல இருந்து சதையில ஒரு சின்னப் படி, சமத்துல இருந்து ப்ளஸ் மாதிரி, ஏறினா கிலோவுக்கு சுமார் 6 சென்ட் கூடும், இறங்கினா குறையும். 30 மாசத்துக்குள்ள இருக்கணும், தரச்சான்று வாங்கின பண்ணையா இருக்கணும், நாலு பண்ணைக்கு மேல மாறியிருக்கக் கூடாது, இப்படி எல்லாம் பொருந்தினா போனஸ் உண்டு. 31வது மாசம் பொறந்துட்டா மாடு அதே மாடுதான், காசு மட்டும் கொறையும். இதனாலயே அங்க மாட்டுக்காரங்க மாட்டோட பொறந்தநாளை வீட்டு ஆளுங்க பொறந்தநாளை விட நல்லா ஞாபகம் வச்சிருப்பாங்க.

இப்ப கணக்கைப் போட்டுப் பார்ப்போம், விலையை நான் சுலபத்துக்கு முழு எண்ணா வச்சிக்கிறேன். உயிரோட 680 கிலோ நிக்குற காயடிச்ச காளை, ஃபாக்டரி விலை போனஸோட கிலோ 7.20 யூரோன்னு வச்சுக்குங்க. 54 சதவீதம் கறியா விழுந்தா 367 கிலோ, 2,640 யூரோ சொச்சம். அதை உயிர் எடைக்குத் திருப்பினா கிலோவுக்கு 3.89. மார்ட்டுல 3.89க்கு மேல கேட்டா மார்ட் ஜெயிச்சுது, கீழ போனா ஃபாக்டரி. ஆனா அந்த 54 யாருக்குத் தெரியும்? அது 52ஆ விழுந்தா சுளையா கிட்டத்தட்ட 100 யூரோ போச்சு. ஷரோலே, லிமோசின் மாதிரி சதைப்பத்து உள்ள இனம்னா நல்லா விழும், பால்மாட்டு வம்சத்துல வந்த ஃப்ரீஷியன் காளைன்னா எலும்பும் வயிறும்தான் ஜாஸ்தி, விழுக்காடும் கம்மி, கிரேடும் ஓ இல்ல பி. அதாவது ஃபாக்டரியில அந்த ரெண்டு சதவீத ரிஸ்க் உங்க தலையில, மார்ட்டுல அது வாங்குறவன் தலையில. அவன் கண்ணாலேயே எடை போட்டுதான் கேப்பான், ஏமாறுறவன் ரொம்பக் குறைவு, ஆனாலும் அவன் தப்புக் கணக்கு போட்டா நஷ்டம் அவனோடது. மார்ட்டுல வேற செலவு இருக்கு, கமிஷன், ஏத்துக்கூலி, அப்புறம் காலைல இருந்து நிக்குற மாடு சாணி போட்டே பத்து இருபது கிலோ எடை இறங்கிடும். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தா பல வாரங்கள்ல ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் ஜனங்க சத்தம் போடற அளவுக்குப் பெருசா ஒண்ணும் இருக்காதுன்னுதான் தோணுது.

அப்புறம் எதுக்கு இவ்வளவு வழக்கு? விலை எந்த இடத்துல, யார் முன்னாடி முடிவாகுதுங்குறதுதான் இங்க தகராறு. 1950கள் வரைக்கும் அங்க மாடு விக்கிறது ஊர்த் தெருவுல, ஃபேர்னு சொல்லுவாங்க, விடியறதுக்கு முன்னாடியே மாட்டை ஓட்டிக்கிட்டு வந்து நிப்பாங்க, வியாபாரி வந்து பேசுவான், நடுவுல டேங்லர்னு ஒரு தரகன் ரெண்டு பேர் கையையும் புடிச்சு இழுத்து அடிச்சு சேர்த்து வைப்பான், எடைக்கல்லு கிடையாது, பக்கத்து மாடு என்ன விலைக்குப் போச்சுன்னு தெரியாது. அதுக்கு மாத்தாதான் விவசாயிங்களே கூட்டுறவா சேர்ந்து மார்ட் கட்டினாங்க, எடை போர்டுல, விலை எல்லார் காதுலயும். இன்னிக்கு ஃபாக்டரி ஏஜென்ட் போன்ல பேசற அந்த ரகசிய விலையைப் பார்த்தா எனக்கு பழைய டேங்லர் ஞாபகம்தான் வருது, எச்சிலைத் துப்பி கையில அடிக்கிறது மட்டும்தான் இல்ல. பெரிய அளவுல வாராவாரம் லோடு அனுப்புறவருக்கு ஒரு ரேட்டு, எட்டு மாடு வச்சிருக்குறவருக்கு ஒரு ரேட்டுங்குறது அங்க ரொம்ப நாளா இருக்குற மனக்குறை.

2019ல அடிப்படை விலை கிலோ 3.50 யூரோவுக்கும் கீழ இறங்கி ஆகஸ்ட், செப்டம்பர்ல விவசாயிங்க ஆலை கேட் முன்னாடியே உக்காந்துட்டாங்க, செப்டம்பர் 15ஆம் தேதி ஒப்பந்தம்னு ஒண்ணு போட்டு அதுக்கப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா கலைஞ்சாங்க. 2025ல அதே விலை 7 யூரோவைத் தாண்டிடுச்சு. ஆனா விலை ஏறினதும் நம்பிக்கையும் ஏறிச்சான்னு கேட்டா இல்ல, மார்ட் கேன்டீன்ல இன்னும் 2019ஐ நேத்து நடந்த மாதிரிதான் பேசறாங்க.

கேன்டீன்னதும் நிக்க வேண்டிய இடம் இது. மத்தியானம் பன்னெண்டு மணிக்கே பேக்கன், முட்டைக்கோஸு, உருளைக்கிழங்கு மலை மாதிரி, மேல குழம்பு, பக்கத்துல டீ. மாடே கொண்டு வராத பெரியவங்க நாலு பேர் எப்பவும் அங்க இருப்பாங்க. 2020 கணக்கெடுப்புப்படி அயர்லாந்துல சுமார் 1,35,000 பண்ணை, சராசரி 33 ஹெக்டேர், பண்ணை நடத்துறவங்கள்ல மூணுல ஒருத்தர் 65 வயசைத் தாண்டினவர். அதுல தனிக்கட்டை நிறைய. வாரத்துல மத்த ஆறு நாளும் மாட்டுகிட்டயும் நாய்கிட்டயும் மட்டும் பேசிட்டு இருக்குறவருக்கு மார்ட் நாள்தான் மனுஷ வாசனை. பேச்சுக்கு சட்டமும் உண்டு. எத்தனை ஏக்கர்னு கேக்கக் கூடாது, எத்தனை மாடுன்னும் நேரா கேக்கக் கூடாது, அது பாங்க் பாஸ்புக்கை எட்டிப் பாக்குற மாதிரி. எப்படி இருக்கன்னு கேட்டா "மோசமில்ல" தான் பதில், நல்லா இருக்கேன்னு சொன்னா சந்தேகப்படுவாங்க. நல்ல மாட்டைப் பார்த்தாலும் "கெட்ட மாடுன்னு சொல்ல முடியாது" அவ்வளவுதான் அதிகபட்ச பாராட்டு. மேயோ மாவட்டம் பக்கம்னா கேலிக் ஃபுட்பால், கில்கென்னின்னா மட்டையும் பந்தும் வச்சு ஆடற ஹர்லிங், உள்ளூர் ரேடியோவுல காலைல வாசிச்ச சாவுச் செய்தி, யார் வீட்டு சைலேஜ் (புளிக்க வச்ச புல் தீவனம்) தீரப்போகுது, 2024 வசந்தத்துல மழை விடாம பேஞ்சு மாட்டை ஷெட்டை விட்டு வெளிய விட முடியாம தீவனத்துக்கு அலைஞ்சது, இப்படிப் போகும். விலையைப் பத்தி மட்டும் யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க, கேக்கத் தேவையே இல்லை, எல்லாரும்தான் போர்டுல பார்த்துட்டாங்களே. அதனால ஒருத்தர் "ஆயிரத்தி தொள்ளாயிரம் வெயிட்டோட"ன்னு சொன்னா, மாட்டோட எடை எத்தனை கிலோவோ அத்தனை யூரோ, அதுக்கு மேல 1,900ன்னு அர்த்தம், அதைப் பொய்யா சொல்லவே முடியாது. வித்து முடிஞ்சதும் வாங்கினவர் கையில லக் மணின்னு பத்தோ இருபதோ யூரோ திருப்பித் திணிக்கிறதும் இன்னும் இருக்கு.

ஃபாக்டரிக்கு அனுப்புறவங்க பேச்சு நேர் எதிர். அங்க சாப்பாடும் இல்ல கூட்டமும் இல்ல, லாரி வந்து ஏத்திக்கிட்டுப் போகும், ரெண்டு நாள்ல போன்ல ஒரு கிரேடு லிஸ்ட் வரும். அதுக்கப்புறம் பேச்சு முழுக்க விலைதான், யாரும் உண்மை சொல்றது இல்ல. வாங்கினது 7.20ன்னா பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட 7.30ம்பாரு, ஏமாந்தவன்னு பேர் வந்துடக் கூடாதில்ல, அவன் அதை நம்பி தன் ஏஜென்ட்டுக்கு போன் போட்டு சண்டை புடிப்பான்.

2020ல கொரோனா வந்தப்ப மார்ட்டுக்கும் ஆபத்து வந்துச்சு. ரிங் பக்கம் ஆள் நிக்கக் கூடாதுன்னதும் மார்ட்-ஐ (MartEye), எல்எஸ்எல் (LSL) மாதிரி ஆப்ல ஏலம் கேக்க ஆரம்பிச்சாங்க, மார்ட் வாசல்ல ஜீப்புக்குள்ள உக்காந்துக்கிட்டு போன்ல கேட்டவங்களும் உண்டு. தடை போனதுக்கு அப்புறமும் ஆப் போகல. விக்கிறவனுக்கு இது லாபம், வடக்குக் கோடி டொனெகல்ல இருக்குறவன் தெற்குக் கோடி கார்க் மாட்டுக்கு விலை கேக்கலாம். ஆனா ரிங்கைச் சுத்தி ஆள் குறைஞ்சா கேன்டீன் எத்தனை நாள் ஓடும்னு தெரியல, எனக்கு இதுதான் கவலை.

ரெண்டு விஷயத்துல ஃபாக்டரிக்கு மாத்தே இல்லை. ஒண்ணு டிபி. வருஷா வருஷம் எல்லா மாட்டுக்கும் டெஸ்ட், ஒரு மாடு மாட்டிக்கிட்டாலும் பண்ணையையே பூட்டிடுவாங்க, அப்ப அங்கிருந்து மாடு மார்ட்டுக்குள்ள கால் வைக்க முடியாது, பெரும்பாலும் நேரா ஆலைக்குத்தான். இன்னொண்ணு, ஒரே சைஸா, 30 மாசத்துக்குள்ள, சான்று எல்லாம் சரியா இருக்குற பதினஞ்சு இருபது மாடு ஒண்ணா ரெடியா இருந்தா ஃபாக்டரிதான், அந்த போனஸ் அங்கதான் நேரா கைக்கு வரும், பேரம் பேசவும் கொஞ்சம் கனம் இருக்கும். சேறு அப்பின மாட்டை மட்டும் அனுப்பாதீங்க, சுத்தமில்லன்னு சொல்லி காசைக் கழிப்பாங்க.

வயசான பசு, வயசு தாண்டின காளை, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னு கலவையா நிக்குற மூணு நாலு மாடு, கிரேடு எங்க விழும்னே சொல்ல முடியாத மாடு, இதுக்கெல்லாம் என்னைக் கேட்டா மார்ட்தான். பசுவுக்கு அங்க ஆலை ஏஜென்ட்டும் வருவாரு, இன்னும் ரெண்டு மாசம் தீனி போட்டு தேத்தலாம்னு நினைக்கிற பண்ணைக்காரரும் வருவாரு, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காத மாதிரி நின்னுக்கிட்டு விலையை ஏத்துவாங்க, திங்கக்கிழமை போன்ல இடமில்லன்னு சொன்ன அதே ஏஜென்ட் சனிக்கிழமை ரிங்ல உங்க பசுவுக்கு விரலைத் தூக்கிட்டு நிப்பாரு.