மண்டூரா, பாணமையா? போகும் வழியை விட, திரும்பும் வழியைப் பாருங்கள்

மட்டக்களப்பில் நின்றுகொண்டு, கடலும் பக்கத்தில் இருக்கவேண்டும், வயலும் இருக்கவேண்டும், ஊரும் ஊராகவே இருக்கவேண்டும் என்று தேடினால் பாசிக்குடா சரிவராது. அங்கே கடல் நல்ல கடல்தான், ஆனால் சுற்றிவர ஹோட்டல். மிஞ்சுவது இரண்டு ஊர்: வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் இருக்கும் மண்டூர், அம்பாறைக் கரையின் தெற்குக் கோடியில் பாணமை. ஒரு நாள் பயணத்துக்கு மண்டூர்தான் என்பது இந்த அலசலின் பக்கம்.

அழகில் பாணமை ஒரு படி மேல், இதில் வாதமில்லை. மணல்மேடு, ஆளில்லாத கரை, முதலை கிடக்கும் குளம், சிங்களமும் தமிழும் கலந்து பேசும் சனம். அப்பால் உகந்தை முருகன் கோயில், அதற்கும் அப்பால் குமண தேசியப் பூங்கா. ஆனால் கரையில் உயிர்காப்பாளர் இருப்பார் என்று நம்பிக் கடலில் இறங்க வேண்டாம், இழுவை அதிகம்.

தூரம்தான் முதல் சிக்கல். மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கே 100 கிலோமீற்றருக்கு மேல், அதன் பிறகு அறுகம்பை தாண்டி இன்னும் போகவேண்டும். களுவாஞ்சிகுடி ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான்; அதை ஒட்டினாற்போல் குருமண்வெளித் துறை, எதிர்க்கரையில் மண்டூர்.

தூரத்தைக்கூடச் சமாளிக்கலாம். திரும்புவதுதான் விஷயம். பாணமைக்கு உள்ளே போகவும் வெளியே வரவும் பொத்துவில் றோட்டு ஒன்றுதான். பொழுதுபட்டால் அதில் யானை ஏறும். மோட்டார் சைக்கிளில் போனவர் நாலு மணிக்கே கிளம்பவேண்டும், அதாவது கடற்கரை வெயில் தணிந்து பார்க்க நன்றாக வரும் அந்த நேரத்தில். அங்கே தங்காமல் பின்னேரத்தை அனுபவிக்க வழியில்லை. அறுகம்பையில் அறை எடுத்தால் கணக்கு மாறும், ஆனால் அது இரண்டு நாள் பயணம்.

மண்டூருக்கு வழி இரண்டு. ஒன்று குருமண்வெளியிலிருந்து பாதை. வெளியூர்க்காரருக்குச் சொல்வதானால், இங்கே 'பாதை' என்றால் றோட்டு அல்ல. ஆளையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை. மற்றது களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலம் ஏறி, போரதீவு, வெல்லாவெளி சுற்றி வரும் தரைவழி. ஒன்று மறித்தால் மற்றது. பாதையில் போய் றோட்டால் திரும்புங்கள்; காலையில் வாவி, பின்னேரம் வயல், இரண்டும் கிடைக்கும்.

பாதையில் ஏறும்போது பின்னால் இருப்பவர் இறங்கி நடக்கட்டும். ஏறுதட்டு எப்போதும் ஈரம், சேறும் ஒட்டியிருக்கும்; அதில் முன் பிரேக்கைப் பிடித்தால் சில்லு வழுக்கும். முதல் கியரில் மெதுவாக ஏற்றி, எஞ்சினை நிறுத்தி, கியரிலேயே விடுங்கள். சைட் ஸ்டாண்டை மட்டும் நம்பினால் அலை தட்டும்போது வண்டி சரியும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மத்தியானத்துக்குப் பின் வாவி கொந்தளிக்கும், ஆகவே காலையில் கடப்பதே நல்லது. இயந்திரம் பழுதாகி நிற்கும் நாளும் உண்டு. களுவாஞ்சிகுடியில் தேநீர் குடிக்கும்போதே "பாதை ஓடுதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இரண்டு வழியும் சேர்ந்து கைவிடும் காலமும் இருக்கிறது. கார்த்திகை, மார்கழி மழையில் வாவி நிரம்பும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் மூடியிருந்தால், அதை வெட்டிவிடும்வரை வெள்ளம் கடலுக்கு இறங்க வழியில்லாமல் வயலிலும் வெல்லாவெளி றோட்டிலும் ஏறி நிற்கும். அந்த நேரம் மண்டூரை மறந்துவிடுங்கள். மாரியில் பாணமை இதை விட மேலா என்று தீர்ப்புச் சொல்லத் தயக்கமுண்டு. மேலே சொன்னதெல்லாம் கோடைக் கணக்கு.

மண்டூருக்கு நல்ல காலம் தை, மாசி. பெரும்போக நெல் விளைந்து வட்டை, அதாவது வயல்வெளி, முழுக்கப் பொன்நிறம். ஆனி, ஆடியில் நவகிரிக்குளத் தண்ணீர் பாயும் பக்கம் மட்டும் பச்சை, மற்றது காய்ந்த தரை. புரட்டாதியில் போய், படத்தில் பார்த்த பச்சையைத் தேடினால் ஏமாற்றம்தான்.

மண்டூர் முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். இங்கே கப்புகனார் எனும் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரமில்லாமல் பூசை செய்வார். ஆவணித் திருவிழா நாட்களில் துறையில் சனம் நெரியும்; அமைதி தேடுகிறவர் அந்தக் கிழமைகளைத் தவிர்க்கலாம், திருவிழாவே பார்க்க வேண்டியது என்பவருக்கு அதுதான் நேரம். பஸ்ஸில் வந்தவர்கள் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கொண்டக்டரிடம் கேட்டு வைக்கவேண்டும்.

வரும் வழியில் எருமைத் தயிர் கண்டால் சட்டியை மெல்லச் சரித்துப் பாருங்கள். நன்றாக உறைந்தது அசையாது. மேலே தண்ணீர் ஊறி நின்றால் அது பழையதாக இருக்கலாம், புளிக்கும்.