ஃபிரீட்ரிக்கின் பாறைகள்: கேன்வாஸா, பருத்தித் தாளா?

ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் 1822-23 வாக்கில் வரைந்த எல்ப மணற்கல் மலைப் பாறைக்காட்சியை (வியன்னாவின் பெல்வடேர் அருங்காட்சியகம்; ஏறத்தாழ 94 × 74 செ.மீ.) அச்சுப் பிரதியாக வீட்டில் மாட்ட நினைப்பவர்கள், எதில் அச்சிடுவது என்று தயங்கும் இடம் இதுதான்.

நுணுக்கம்
கேன்வாஸ்: நெசவு துருத்தித் தெரியும். ஃபிரீட்ரிக்கோ சாயத்தை மெல்லிய படலங்களாகப் பூசியவர். தூரிகைத் தடமே எழும்பாது. பாறைகளுக்குப் பின்னால் மூடுபனி வெளிறிக் கரையும் இடத்தில் அந்த நூல் வரிகள் கண்ணை உறுத்தும்.
தாள்: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள, பளபளப்பில்லாத மேட் பருத்தித் தாளில் பனி பனியாகவே நிற்கும். முன்புறத்து இருட்டில் முறிந்து கிடக்கும் மரம் மட்டும் கொஞ்சம் மங்கும். முதலில் சின்னத் துண்டு ஒன்றை அச்சிட்டுப் பாருங்கள்.

ஈரம்
கேன்வாஸ்: தொய்யும், பின்னால் அதை இழுத்துப் பிடிக்கும் மரச்சட்டத்தின் மூலை ஆப்புகளைத் தட்டி இறுக்கலாம்.
தாள்: கண்ணாடியில் ஒட்டினால் போச்சு, பிரிக்க முடியாது. நடுவே அமிலமற்ற மவுன்ட் அட்டை (படத்தைச் சுற்றி வைக்கும் ஓர அட்டை) வைத்து 3 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

செலவு
கேன்வாஸுக்கு வெளிச்சட்டம், கண்ணாடி வேண்டாம், மலிவு. ஆனால் ஓரம் மடிக்க 4 செ.மீ. கேட்பார்கள். படத்தையே மடிக்க விட்டால் பக்கவாட்டுப் பாறை போய்விடும். வெள்ளை ஓரம் சேர்க்கச் சொல்லுங்கள்.

60 செ.மீ. உயரத்துக்கு, 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), சுமார் 7,100 × 5,600 பிக்சல் கோப்பு தேவை.

அருகில் நின்று பார்க்கும் படிப்பறைக்குத் தாள்தான். ஜன்னல் வெளிச்சம் எதிரே விழும் கூடத்துக்குக் கேன்வாஸ். கண்ணாடிப் பிரதிபலிப்பு இருக்காது.