ஓர்சிட்டா, கூகுள் ஸ்கொலரா?

நிலாவெளி கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவமோ கணினியோ கற்பிக்கும் விரிவுரையாளருக்கு, செய்த ஆய்வு தன் பெயரில் சேராமல் போவதுதான் பெரிய இழப்பு. நம் பெயர்முறையே அதற்குக் காரணம். தந்தை பெயர் ஒரு கட்டுரையில் முன்னெழுத்தாகவும் இன்னொன்றில் குடும்பப் பெயராகவும் அச்சாகி, ஒருவரே இருவராகிவிடுகிறார்.

இதற்கு மருந்து, 2012இல் தொடங்கிய ஓர்சிட் (ORCID) என்னும் ஆய்வாளர் அடையாளப் பதிவு. அது தரும் 16 இலக்க எண், பெயர் எப்படி எழுதப்பட்டாலும் மாறாது. கட்டுரையை அனுப்பும்போதே எண்ணைக் கொடுங்கள். டிஓஐ (DOI) எனும் கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாளம் உள்ள இதழ் அதைப் பதிந்தால், உங்கள் அனுமதியுடன் கட்டுரை தானாக வந்து சேரும். டிஓஐ இல்லாத உள்ளூர் இதழ்களையும் தமிழ்க் கட்டுரைகளையும் கையால்தான் ஏற்ற வேண்டும். பல்கலைக்கழக மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள். இல்லையேல், வேலை மாறினால் கணக்குக்குள் நுழைய முடியாமல் போகும்.

உங்கள் கட்டுரையைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்பதை ஓர்சிட் எண்ணாது. அதைச் செய்வது ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்கொலர். ஐந்து கட்டுரைகளுக்கு 12, 9, 5, 4, 2 மேற்கோள்கள் என்றால், குறைந்தது நான்கு மேற்கோள் பெற்றவை நான்கு என்பதால் எச் சுட்டெண் (h-index) 4. குறைந்தது பத்து பெற்றது ஒன்றுதான் என்பதால் ஐ10 சுட்டெண் 1. ஆனால் அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரையையும் அது இழுத்து வந்து ஒட்டிவிடும். தானாகச் சேர்ப்பதை நிறுத்தி, மின்னஞ்சலில் கேட்டுச் சேர்க்கும்படி மாற்றுங்கள். இரட்டைப் பதிவுகள் இரண்டையும் தெரிவுசெய்து இணைத்தால், பிரிந்து கிடந்த மேற்கோள்கள் ஒன்றாகும்.

ஒன்றுக்குத்தான் நேரமுண்டென்றால் ஓர்சிட்டை முதலில் திறப்பதே சரி. ஸ்கொலர் பக்கத்தைப் பிறகும் திருத்தலாம். அச்சான கட்டுரையில் விடுபட்ட எண்ணைச் சேர்ப்பது கடினம்.